வெற்றிலை வண்டிக்கு மாட்டிய விளக்குகள்

சென்னியப்பனைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், அந்த மனுஷனின் பிழைப்பைக் கெடுத்தவன் நான்தான் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. வேண்டுமென்று கெடுக்கவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூட இத்தனை வருஷம் உறுத்தியிருக்காது. பகை, ஆத்திரம் என்று ஏதாவது சொல்லி மனதைத் தேற்றியிருப்பேன். நான் செய்தது அசதியில் செய்தது. திறந்து பார்க்க வேண்டியதைத் திறந்து பார்க்கச் சோம்பல்பட்டு, தெரிந்தவன் மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன்.

சூரமங்கலத்தில் ரயிலடிக்கு எதிர்வரிசையில் எனக்கு மோட்டார் ரிப்பேர்க் கடை இருந்தது. என்ஜினைக் கழற்றி மாட்டுகிறவர்கள் சேலத்தில் நாலைந்து பேர் உண்டு. விளக்கு, பேட்டரி, ஒயர் வேலை என்றால் அருணகிரி மேஸ்திரியிடம் போ என்று என் கடையைத்தான் காட்டுவார்கள். அந்தப் பெருமை அப்போது எனக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

சென்னியப்பனுக்கு ஊர் காவிரிக்கரை வேலூர். நாமக்கல்லுக்குத் தெற்கே, வெற்றிலைக்குப் பேர்போன ஊர். அங்கே மண்டி வைத்திருந்த வெங்கடாசலத்திடம் அவர் டிரைவர். முதல் கோழி கூவுவதற்கு முன்பே ஈரச் சாக்கு போர்த்திய வெற்றிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவார். நாமக்கல், ராசிபுரம் பிரிவு, மல்லூர் வழியாக நாற்பத்தைந்து மைல் ஓட்டி, விடிகாலை ஐந்தரை மணி ரயிலுக்குச் சரக்கைச் சேர்க்க வேண்டும். வெற்றிலை பொல்லாத சரக்கு. ரயிலைத் தவறவிட்டால் பத்து மணி வெயிலில் வதங்கிவிடும், அப்புறம் குப்பைக்குழிக்குத்தான் ஆகும். பதினோரு வருஷத்தில் சென்னியப்பன் ஒரு நாள்கூட அந்த ரயிலைத் தவறவிட்டதில்லை. மழை நாளிலும் இல்லை, மாரியம்மன் பண்டிகையன்றும் இல்லை, பெற்ற தாய் செத்த மறுநாளும் இல்லை.

சரக்கை இறக்கியதும் என் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்துவார். என் தொட்டியில் தண்ணீர் மொண்டு முகம் கழுவுவார். முகம் என்று சொன்னாலும் கழுவுவது கண்ணைத்தான். இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்திக் கண்ணை அதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து ரயிலடிக் காப்பியை ஊதி ஊதிக் குடிப்பார். பேச்சு கிடையாது. அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்டு கார்டில் அடக்கிவிடலாம். வயது நாற்பத்தெட்டு. பார்த்தால் அறுபது சொல்லலாம். ராத்தூக்கம் கெட்டவன் முகத்தில் ஒரு சாம்பல் நிறம் வரும். அது அவருக்கு வந்து நிலைத்துவிட்டிருந்தது.

அவர் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்பக்கம் திறந்த பெட்டி வைத்த சின்ன லாரி அது. யாரோ ஒரு துரை ஓட்டிக் களைத்து விற்றதை வெங்கடாசலம் வாங்கியிருந்தார். அதில் பேட்டரி கிடையாது. முன்விளக்குக்கு வேண்டிய கரண்டை என்ஜினே ஓடும்போது கொடுக்கும். இதில் ஒரு கூத்து உண்டு. என்ஜின் வேகமாகச் சுற்றினால் விளக்கு வெளிச்சமாக எரியும். மெதுவாகச் சுற்றினால் மங்கிப் போகும். எதிரே என்னமோ தெரிகிறதே என்று வேகத்தைக் குறைத்தால், அந்த என்னமோவும் சேர்ந்து மறைந்துவிடும். நிதானமாகப் போகிறவனுக்கு இருட்டு, கண்மூடித்தனமாகப் போகிறவனுக்கு வெளிச்சம். இப்படி ஒரு வண்டியைச் செய்தவனை ஒரு வாரம் மல்லூர் ரோட்டில் ஓட்டவிட வேண்டும் என்று நான் பல தடவை திட்டியிருக்கிறேன்.

அந்த ரோட்டில் விடிகாலையில் வருவதெல்லாம் சேலம் சந்தைக்குப் போகும் மாட்டு வண்டிகள். லாந்தர் இருக்காது. வண்டிக்காரன் தலைப்பாகையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவான். மாட்டுக்கு வழி தெரியும் என்ற தைரியம். சென்னியப்பன் சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தி, என்ஜினை மட்டும் உறும விட்டு, அந்த வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பார். ஒன்றுமில்லை என்றால் போவார். நாற்பத்தைந்து மைலுக்கு எத்தனை தடவை நிறுத்தியிருப்பார் என்று நினைத்தாலே எனக்குக் கழுத்து வலிக்கிறது.

முப்பத்தாறாம் வருஷம் ஆனி மாதம், மல்லூர் மேட்டில் ஒரு பார வண்டியை உரசிவிட்டார். மனுஷனுக்கு ஒன்றுமில்லை. ஒரு மாட்டுக்குக் கொம்பு முறிந்தது. அன்றைக்கும் ரயிலைப் பிடித்தார் என்பது வேறு விஷயம். ஆனால் மறுநாள் வெங்கடாசலமே வண்டியில் ஏறிக்கொண்டு என் கடைக்கு வந்தார். பெருத்த ஆள், வெள்ளை வேட்டி, மூச்சு வாங்கும் பேச்சு.

"ஏனுங்க மேஸ்திரி, இவனுக்குக் கண்ணு மங்கிப் போச்சு. கேட்டா லைட்டு செரியில்லீங்கறான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா!" என்றார்.

சென்னியப்பன் வண்டியின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தார். "கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. லைட்டுத்தானுங்க" என்றார் தரையைப் பார்த்தபடி.

"பதினோரு வருசமா இதே லைட்டுத்தானடா?"

"பதினோரு வருசமாத்தானுங்க சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெங்கடாசலத்துக்கு வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கஞ்சர், அவ்வளவே. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்:

"செரி. மேஸ்திரி நல்ல லைட்டா மாட்டிக் குடுக்கட்டும். அதுக்கப்புறமும் தெரியலீன்னா அது கண்ணுதான். அப்ப நீயா சாவியக் குடுத்துப்போட்டுப் போயிரோணும். நானாப் போகச் சொல்ல மாட்டேன். என்ன சொல்றே?"

"குடுத்துப்போடறனுங்க" என்றார் சென்னியப்பன்.

இப்படியாகத்தான் ஒரு மனுஷனின் பிழைப்பு இரண்டு விளக்கின்மேல் ஏறி உட்கார்ந்தது. அந்தப் பேச்சுக்குச் சாட்சி நான்.

ஏற்காட்டு மலைப் பாதையில் உருண்ட ஒரு தோட்டத்துரையின் காரிலிருந்து எடுத்த இரண்டு பெரிய விளக்குகள் என்னிடம் இருந்தன. ஒவ்வொன்றும் பெரிய தேங்காய் பருமன். முன்னால் கனத்த கண்ணாடி. உள்ளே பல்புக்குப் பின்னால் ஒரு கிண்ணம், பித்தளையில் செய்து உள்பக்கம் வெள்ளிமுலாம் பூசியது. சின்னப் பல்பின் வெளிச்சத்தை வாரி எடுத்து ரோட்டில் தூரமாக எறிவது அந்தக் கிண்ணம்தான். பல்பு வெறும் நெருப்பு, கிண்ணம்தான் விளக்கு. பல்பு மாற்றும்போதுகூட உள்ளே விரல் படாமல் மாற்றுவேன். விரல் பட்டால் அழுக்கு, துணி பட்டால் கீறல்.

இதை நான் சென்னியப்பனிடம் சொல்லவில்லை. மறந்ததுகூட இல்லை. எனக்குத் தெரிந்தது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு. தொழிலில் கொஞ்சம் பேர் வாங்கிவிட்டவனுக்கு வரும் நோய் இது.

மூன்று நாள் வேலை. ஒரு டைனமோவை என்ஜினோடு பெல்ட் போட்டுப் பூட்டி, ஓட்டுகிறவர் காலடியில் பேட்டரியை வைத்து, புது ஒயர் இழுத்து, விளக்குகளைத் தாங்க இரும்புப் பட்டை வளைத்து மாட்டினேன். இனி என்ஜின் நின்றாலும் விளக்கு எரியும். முதல் ஓட்டம் முடிந்து மறுநாள் காலை வந்தவர், கண்ணைக்கூடக் கழுவாமல் நேரே என்னிடம் வந்தார்.

"கல்லுக்கெல்லாம் நெழல் உளுகுதுங்க மேஸ்திரி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து காப்பியைக் குடிக்காமல் ஆறவிட்டு, வண்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். என் வேலைக்கு அதுபோல ஒரு பாராட்டை அதற்கு முன்னும் பின்னும் யாரும் சொன்னதில்லை.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. அவர் முகத்திலிருந்த சாம்பல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. பேச்சுக்கூடக் கொஞ்சம் கூடியது. மனைவி மாரக்காளைப் பற்றி அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னார். பிள்ளை இல்லை. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். "எம்பட ஊட்டுக்காரி லைட்டப் பாத்துட்டு, இதென்ன உள்ளார வெள்ளிக் கும்பாவாட்டம் இருக்குதுங்கறா. தெனமும் துணியெடுத்துட்டு வந்து கண்ணாடியத் தொடைக்கறா. அவளுக்கு அதுதான் சாமி" என்றார். சொல்லும்போது சிரித்தார். பல் இத்தனை வரிசையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

மோட்டார் கடைக்காரனுக்கு ஆயுத பூஜை என்பது சாமி கும்பிடும் நாள் இல்லை, சாகிற நாள். வருஷம் முழுக்க வண்டியைத் திரும்பிப் பார்க்காதவன்கூடப் பூஜைக்கு முன்னால் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று வாசலில் வந்து நிற்பான். அந்த வருஷம் நாலு நாள் நான் படுக்கவில்லை. கடைசியில் பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து முடித்தபோது நிற்கக் காலில்லை. பூஜைக்கு ஒரு நாள் விட்டு மறுநாள் காலை சென்னியப்பன் வந்தார்.

"லைட்டு மங்கலா இருக்குதுங்க மேஸ்திரி."

பார்த்தேன். விளக்குக் கண்ணாடியில் சந்தனத்தை வழித்து அப்பி, நடுவில் எட்டணாக் காசளவு குங்குமம். இரண்டு கண்ணாடியிலும் அப்படியே. "அண்ணா, இப்படிச் சந்தனக்காப்பு சாத்தினா வெளிச்சம் எந்த வழியா வெளிய வரும்?" என்று கேட்டுக்கொண்டே ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அவரும் தலையாட்டிக்கொண்டு போனார்.

மறுநாளும் வந்தார். "அப்படியேதானுங்க இருக்குது" என்றார். குரல் இறங்கியிருந்தது. அன்றைக்கு ரயிலுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போதுதான் வந்து சேர்ந்தார் என்று ரயிலடிக் கூலிகள் பிறகு சொன்னார்கள்.

நான் பேட்டரியைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. டைனமோவைப் பார்த்தேன், ஒயரை ஒன்றுவிடாமல் இழுத்துப் பார்த்தேன். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பல்பு எரிந்தது. பகலில் எரிகிற பல்பைப் பார்த்து எவனாவது விளக்கு எப்படி என்று சொல்வானா? நான் சொன்னேன். கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தைத் திருகித் திறந்து உள்ளே பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். வளையம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, ஸ்பேனர் கடைக்குள்ளே இருந்தது. எழுந்து போக உடம்பில் தெம்பில்லை. நாலு நாள் தூங்காத எரிச்சல் வேறு.

"லைட்டு சரியாத்தாண்ணா இருக்குது. பேட்டரி ஜம்முன்னு இருக்குது. இதுக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய முடியாது. கண்ணப் போய்க் காட்டுங்க" என்றேன்.

சென்னியப்பன் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெங்கடாசலம் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பார். சொன்னது விளக்குக்காரன். "அப்படிங்களா" என்றார். தொட்டியில் தண்ணீர் மொண்டு வழக்கம்போலக் கண்ணைக் கழுவினார். அன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரம் கழுவினார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. அவர் போனதும் பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலமே அவர் மண்டிக்குப் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டாராம். "கண்ணுத்தானுங்க" என்று மட்டும் சொன்னாராம். வெங்கடாசலமே பதறிப்போய் இன்னும் ஒரு மாசம் பார்க்கலாமே என்றிருக்கிறார். "வாக்குக் குடுத்தனுங்களே" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் புது டிரைவர் சரவணமுத்து. கல்யாணமாகி ஒரு கைப்பிள்ளையோடு இருந்த வாலிபன்.

சரவணமுத்து விளக்கைப் பற்றி ஒரு நாளும் குறை சொல்லவில்லை. இளங்கன்று பயமறியாது. அந்த வண்டி நல்ல விளக்கோடு ஓடியதை அவன் பார்த்ததில்லை. வெளிச்சம் என்றால் இவ்வளவுதான் என்று நினைத்து, ஹாரனை அடித்துக்கொண்டே பறந்தான். நானும் ஒன்றும் நினைக்கவில்லை. பாவம், நல்ல மனுஷன், மாலைக்கண் வந்துவிட்டது என்று இரண்டொருவரிடம் சொன்னேன். காலையில் பெஞ்சு காலியாக இருக்கும்போது கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். அப்புறம் அதுவும் பழகிவிட்டது.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, கல் தெறித்து இடப்பக்க விளக்கின் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சரவணமுத்து வண்டியைக் கொண்டுவந்தான். புதுக் கண்ணாடி போட வளையத்தைத் திருகித் திறந்தேன்.

உள்ளே கிண்ணம் மஞ்சளாக இருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. வேறு யாரோ வேறு கிண்ணத்தை மாற்றிவிட்டார்களா என்று பார்த்தேன். மாட்டும்போது நான் போட்ட அடையாளக் கீறல் பின்பக்கம் இருந்தது. வெள்ளி முழுக்கப் போய்ப் பித்தளை தெரிந்தது. வட்ட வட்டமாகத் தேய்த்த கோடுகள். கிண்ணத்தின் விளிம்பு மடிப்பில் வெள்ளையாக என்னவோ அடைந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். சாம்பல். அதோடு காய்ந்து ஒட்டிக்கொண்டு ஒரு புளி நார்.

வலப்பக்க விளக்கையும் திறந்தேன். அதுவும் அப்படியே.

பூஜைக்குக் குத்துவிளக்கையும் சொம்பையும் விளக்கிய கை, இந்த இரண்டையும் சேர்த்து விளக்கியிருக்கிறது. அரைகுறை வேலை இல்லை. தேங்காய் நாரில் புளியையும் சாம்பலையும் வைத்து, வெள்ளைப் பூச்சு போய்த் தங்கம் மாதிரி மின்னும் வரை தேய்த்திருக்கிறாள் மாரக்காள். பித்தளைப் பாத்திரத்தில் அழுக்கு போனால் அப்படித்தானே மின்னும்? அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வெள்ளி போய்ப் பித்தளை கீறலோடு நின்றால் வெளிச்சம் தூரமாகப் போகாது. வண்டியின் காலடியிலேயே சிந்தி நின்றுவிடும். சென்னியப்பனுக்குத் தெரிந்ததும் அதுதான். அவர் கண் சொன்னது உண்மை. நான் சொன்னதுதான் பொய்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே கண் கெடவே இல்லை.

கிண்ணங்களுக்கு முலாம் பூச ஆள் கிடைக்க நாளாகும் என்று சொல்லி வேறு விளக்கை மாட்டிவிட்டு, அன்று மத்தியானம் அதே வண்டியில் ஏறி வேலூர் போனேன். சரவணமுத்து ஏன் என்று கேட்டான். வேலை இருக்கிறது என்றேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒரு வாக்கியமும் அமையவில்லை.

சென்னியப்பன் வெற்றிலைத் தோட்டத்தில் கூலிக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். அகத்தி மரங்களில் ஏறும் கொடியை வாழை நாரால் கட்டிவிடும் வேலை. ஆள் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நாரைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"வாங்க மேஸ்திரி. ஏனுங்க இத்தனை தூரம்? ரயிலடியில எல்லாரும் சௌக்கியமுங்களா?"

"கண்ணு எப்படி இருக்குதுண்ணா?"

"பகல்ல ஒண்ணுமில்லீங்க. பொழுது எறங்குனா ஆவாது. நீங்கதான் சொன்னீங்களே. ஒரு வருசமா ஆட்டு ஈரலும் பொன்னாங்கண்ணிக் கீரையுமாத் தின்னு தின்னு எனக்கே என்னையப் பாத்தா ஆடாட்டம் இருக்குது. இருட்டுனா தனியா நடக்கறதில்லீங்க. அவ வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவா."

இருட்டினால் எல்லோருக்கும் மாலைக்கண்தான், விளக்கில்லாத ஊரில் யாருக்கு என்ன தெரியும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் ஒரு வார்த்தையை நம்பி, ஒரு வருஷமாகப் பொழுது சாய்ந்ததும் குருடனாகிக்கொண்டிருக்கிறார் இந்த மனுஷன். வரப்பு ஓரமாக உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். நான் திறந்து பார்க்காததைச் சொன்னேன். பகலில் விளக்கைப் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதையும் சொன்னேன். அழுகை வந்தது, அடக்கவில்லை.

அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பிலிருந்த சாம்பலை விரலால் தடவினார். "பூசைக்கு மொத நாளு நாந்தானுங்க கண்ணாடியக் கழட்டி வெச்சேன், உள்ளார பூச்சி செத்துக் கெடந்துச்சுன்னு. வாழக்கண்ணு வாங்கப் போயிட்டு வந்தா, அவ வெளக்கி மாட்டி வெச்சிருந்தா. பொன்னாட்டம் இருக்குது பாருங்கன்னா. நானும் நெம்ப நல்லா இருக்குதுன்னேன்" என்றார்.

கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்தார். பிறகு கேட்டார்: "அப்ப எங்கண்ணு?"

"உங்க கண்ணுல ஒண்ணுமில்லண்ணா."

தலையை நிமிர்த்திச் சுற்றிப் பார்த்தார். பொழுது இறங்கியிருந்தது. அகத்தி மரங்களுக்கு நடுவே இருட்டு சேர ஆரம்பித்துவிட்டது. தோட்டத்துக்கு அப்பால் தெரிந்த ஆற்றுக்கரையை உற்றுப் பார்த்தார்.

"அக்கட்ட ரெண்டு மாடு நிக்குதுங்க மேஸ்திரி. ஒண்ணுக்கு ஒத்தைக் கொம்பு மடங்கியிருக்குது."

நானும் பார்த்தேன். எனக்குக் கரை தெரிந்தது. மாடு ஒன்றும் தெரியவில்லை.

"வாங்கண்ணா, இப்பவே மண்டிக்குப் போவோம். நான் சொல்றேன் வெங்கடாசலத்துக்கிட்ட. தப்பு என்னுதுன்னு சொல்றேன்" என்றேன்.

"எப்படிப் போச்சுன்னு கேப்பாருங்களே."

நான் அவர் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தேன்.

"பொண்டாட்டி வெளக்குனதுல லைட்டுப் போச்சு, புருசன் வேலை போச்சுன்னு ஊரு முச்சூடும் சிரிக்கும். சிரிச்சாப் பரவாயில்லீங்க. அவ தாங்க மாட்டா. ஒரு வருசமா எனக்குக் கண்ணு வரோணும்னு ஒரு பொழுதுதான் சாப்படறா." கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "இப்ப வண்டி ஓட்டற அந்தப் பையனுக்கும் கைக்கொழந்தை இருக்குது. உடுங்க. எனக்கும் அசந்து போச்சுங்க மேஸ்திரி. பதினோரு வருசம் தூங்காதவன். இப்பத்தான் விடியற வரைக்கும் தூங்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தையை எனக்காகச் சொன்னாரா, நிஜமாகத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிண்ணத்தை வாங்கி மடியில் மறைத்துக்கொண்டேன்.

அதற்குள் வரப்பில் மாரக்காள் வந்துவிட்டாள். குள்ளமான பெண்பிள்ளை, வேகமான நடை. நான் யார் என்று சென்னியப்பன் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"லைட்டு மாட்டுன மேஸ்திரியா? வாங்க சாமி, ஊட்டுக்கு வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஏனுங்க, பூசைக்கு நான் வெளக்கி உட்டேனே, அந்த லைட்டு இன்னும் மின்னுதுங்களா? வெளக்கி எடுக்கறதுக்குள்ள கையெல்லாம் புண்ணாப் போச்சு. இவருதான் அதோட ஒரு வாரங்கூட ஓட்டக் குடுத்து வெக்கல" என்றாள்.

சென்னியப்பன் என்னைப் பார்த்தார்.

"மின்னுதும்மா" என்றேன்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. புருஷன் பக்கம் கையை நீட்டினாள். அந்தத் தோட்டத்திலேயே கூர்மையான கண் அவருடையது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கையைக் கொடுத்தார். அவள் முன்னால் நடக்க, அவர் பின்னால் நடந்தார். நான் இருவருக்கும் பின்னால், தடுக்கித் தடுக்கிப் போனேன்.

வாய்க்கால் அருகே அவர் நின்றுவிட்டார். அவள் திரும்பிப் பார்த்து, "வாய்க்கா வந்திருச்சு, காலத் தூக்கி வைங்க" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் காலைத் தூக்கி வைத்தார்.